பதில்: தனுஷ்கோடியில் இலங்கை டவர் பிடித்து ரீசார்ஜ் பணம் போகிறது

தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் நின்றதும் போன் இலங்கை நெட்வொர்க்குக்குப் போய்ப் பணம் கழிந்தது என்று எழுதியிருந்தீர்கள். இலங்கைக் கரையில் உள்ள தலைமன்னார் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான், நடுவில் வெறும் கடல், மறிக்க மலையோ கட்டடமோ இல்லாததால் அந்தக் கரை சிக்னல் சுலபமாக வந்துவிடும். டயலாக், மொபிட்டல், ஹட்ச் என்று போன் திரையில் நெட்வொர்க் பெயர் தெரிந்தாலோ, பெயருக்குப் பதில் 413 என்று தொடங்கும் எண் தெரிந்தாலோ அது இலங்கை நெட்வொர்க்தான்.

செட்டிங்ஸில் டேட்டா ரோமிங்கை (வேறு கம்பெனி நெட்வொர்க்கில் இன்டர்நெட் ஓடுவதை) அணைத்துவிட்டு, நெட்வொர்க் தேர்வில் 'தானியங்கி'யை அணைத்துவிட்டு உங்கள் கம்பெனியை நீங்களே தேர்ந்தெடுங்கள். அப்புறம் கஸ்டமர் கேரில் சொல்லி சர்வதேச ரோமிங்கையே நிறுத்தச் சொல்லுங்கள், பணம் போவதை உறுதியாகத் தடுப்பது இதுதான். கடலுக்குப் போகிறவர் வீட்டில் இருந்தால் அவர் போனிலும் இன்றைக்கே செய்துவிடுங்கள்.