கனவுப் பாட்டிலும் கள்ளப் பாட்டிலும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் விலை உயர்ந்த விஸ்கி பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன், அதற்கே இத்தனை கேள்விகள். குடிக்காதவர்களும் கேட்டிருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

செந்தூல் வாசகர்: ஐயா, உலகத்திலேயே அதிக விலைக்குப் போன விஸ்கி எது? அதை யாராவது குடித்திருக்கிறார்களா?

ஸ்காட்லாந்தின் மெக்காலன் வடிசாலைச் சரக்கு, மெக்காலன் 1926. லண்டன் சோதபீஸ் ஏலத்தில் 2023 நவம்பரில் ஒரே ஒரு பாட்டில் கிட்டத்தட்ட 22 லட்சம் பவுண்டுக்குப் போனது. நம்ம காசுக்கு 12 மில்லியன் மலேசிய வெள்ளிக்கு மேல். 1926-இல் வடித்த சரக்கு, 263 என்று எண் போட்ட ஒரு பீப்பாயில் 60 வருடம் கிடந்து, 1986-இல் பாட்டிலில் அடைத்தபோது தேறியது மொத்தமே 40 பாட்டில்தான். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்குச் சுமார் 2 விழுக்காடு ஆவியாகிப் போய்விடும், அதனால் 60 வருடம் கழித்து மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது.

ஆனால் எனக்குச் சிரிப்பு வருவது லேபிள் விஷயத்தில். 12 பாட்டிலுக்கு பீட்டர் பிளேக் என்ற ஓவியர் லேபிள் செய்தார், இன்னொரு 12-க்கு வலேரியோ அடாமி, ஒன்றில் மைக்கேல் டில்லன் பாட்டில் மேலேயே கையால் வரைந்தார். டில்லன் வரைந்தது 2018-இல் 12 லட்சம் பவுண்டு, வேறு லேபிள் ஒட்டிய ஒன்று 2019-இல் 15 லட்சம், 2023-இல் 22 லட்சத்தைத் தொட்டது அடாமி லேபிள். உள்ளே இருப்பது எல்லாம் ஒரே பீப்பாய்ச் சரக்கு! ஒன்றை யாரோ திறந்து குடித்துவிட்டார்கள், இன்னொன்று 2011 ஜப்பான் நிலநடுக்கத்தில் உடைந்துபோனது என்று ஒரு பேச்சு உண்டு. மற்றபடி வாங்குகிறவர் திறக்க மாட்டார், திறந்தால் அடுத்தவருக்கு விற்க முடியாதே. ருசி எப்படி என்றால், அவ்வளவு காலம் ஓக் மரத்தில் ஊறினால் மரக்கசப்பு ஏறிவிடும் ஆபத்தும் உண்டு. வயது கூடக்கூட ருசி கூடும் என்பது கடைக்காரர்களுக்குப் பிடித்த நம்பிக்கை.

பட்டர்வொர்த் வாசகர்: அப்பா 1985 வாக்கில் வாங்கிய ராயல் சல்யூட் 21, பீங்கான் பாட்டில், வெல்வெட் பையோடு அப்படியே இருக்கிறது. இப்போது அது 60 வயது விஸ்கி அல்லவா? நல்ல விலை போகுமா?

இல்லை. பீப்பாயை விட்டு வெளியே வந்த நாளோடு விஸ்கிக்கு வயது நின்றுவிடும். அப்பா வாங்கியபோது 21, இன்றும் 21, உங்கள் பேரன் காலத்திலும் 21. ராயல் சல்யூட் 1953-இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்காக வந்தது, 21 பீரங்கிக் குண்டு மரியாதை என்ற கணக்கில்தான் அந்த 21. அழகான பாட்டில்தான், ஆனால் ஆண்டுதோறும் நிறைய வருகிற சரக்கு. அதனால் வீடு வாங்கும் கனவெல்லாம் வேண்டாம்.

விலையை விட முக்கியமானது உள்ளே எவ்வளவு மிச்சம் என்பது. நம்ம ஊர் வெயிலில் 40 வருடத்தில் கார்க் சுருங்கி, உள்ளே இருப்பது ஆவியாகிக் குறைந்திருக்கலாம், பீங்கான் என்பதால் வெளியிலிருந்து தெரியாது. விவரம் தெரிந்தவர்கள் அதே ரகத்தில் ஒரு புதுப் பாட்டிலை வைத்துத் தராசில் எடை பார்ப்பார்கள். வைனைப் போல விஸ்கியைப் படுக்க வைக்கக் கூடாது, 40 விழுக்காட்டு ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். மாலை வெயில் அடிக்கிற கண்ணாடி அலமாரியிலிருந்து முதலில் எடுத்து இருட்டான இடத்தில் நிமிர்த்தி வையுங்கள்.

விற்பது என்றால் ஒன்று கவனியுங்கள், உரிமம் இல்லாமல் மது விற்பது 1976 கலால் சட்டப்படி குற்றம், அதனால் பேஸ்புக்கில் படம் போட்டு விலை கேட்காதீர்கள். என்னைக் கேட்டால் விற்கவே வேண்டாம். அப்பாவுக்குப் படையல் போடும்போது இத்தனை வருடமும் என்ன வைத்தீர்கள், கின்னஸ் ஸ்டௌட் தானே? இந்த வருடம் அவர் ஆசையாக வாங்கியதையே திறந்து வையுங்கள். கார்க் உடைந்து உள்ளே விழும், தேநீர் வடிகட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுங்கை பட்டாணி வாசகர்: நல்ல விஸ்கியில் கோக் கலந்தால் பாவமா?

உங்கள் விஸ்கி, உங்கள் கோக். விலை உயர்ந்ததில் மட்டும் முதலில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், மணம் விரியும்.

பூச்சோங் வாசகர்: வாட்ஸ்அப்பில் ஒருவர் பழைய மெக்காலன் 18-ஐக் கடை விலையில் பாதிக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா அண்ணே?

பாதி விலைக்குத் தர அவர் என்ன உங்கள் தாய்மாமனா? காலி பாட்டிலுக்கு, அதுவும் பெட்டியோடு இருந்தால், காசு கொடுத்து வாங்குகிறவர்கள் ஏன் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பணக்காரர்களே ஏமாந்திருக்கிறார்கள். 2017-இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் ஊர் ஓட்டல் ஒன்றில், சீன எழுத்தாளர் ஒருவர் 1878-ஆம் ஆண்டு மெக்காலன் என்று எழுதியிருந்த பாட்டிலிலிருந்து ஒரே ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்தார், விலை ஏறக்குறைய 10,000 பிராங்க். அந்தப் பாட்டிலின் படத்தைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வர, ஓட்டல்காரரே மாதிரியை ஆய்வுக்கு அனுப்பினார். ஆக்ஸ்போர்டில் கார்பன் சோதனை செய்தார்கள், சரக்கு 1970-72 வாக்கில் செய்ததாம், அதுவும் முளைகட்டிய பார்லியில் செய்த மால்ட் விஸ்கியோடு மலிவான தானிய விஸ்கி கலந்தது. ஓட்டல்காரர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், அந்த மட்டும் நல்ல மனுஷர். அடுத்த வருடம் ஸ்காட்லாந்து ஆய்வுக்கூடம் ஒன்று 55 அரிய பாட்டில்களைச் சோதித்ததில் 21 போலி. 1950, 60-களில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் கூடியது, அது அப்போது விளைந்த பார்லியிலும் ஏறிவிட்டது. அதற்கு முந்தைய சரக்கு என்று பொய் சொன்னால் சோதனையில் மாட்டிக்கொள்ளும்.

அவர்களுக்கு நஷ்டம் காசு மட்டும். 2018 செப்டம்பரில் சிலாங்கூர் பக்கம் மெத்தனால் கலந்த சரக்கைக் குடித்து எத்தனை பேர் செத்தார்கள் என்று மறந்துவிட்டதா? உரிமம் உள்ள கடையில் ரசீதோடு வாங்குங்கள். அப்புறம், வீட்டில் விலை உயர்ந்த பாட்டில் காலியானால் லேபிளைக் கிழித்துவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

ஜார்ஜ்டவுன் வாசகி: என் வீட்டுக்காரர் சேமநிதிப் பணத்தில் ஸ்காட்லாந்து விஸ்கி பீப்பாய் ஒன்று வாங்கப் போகிறாராம். முதலீடு என்கிறார். சரிதானா அண்ணா?

தடுத்து நிறுத்துங்கள் தங்கச்சி. பீப்பாய் அந்த நாட்டுச் சுங்கக் கட்டுப்பாட்டில் உள்ள கிடங்கில்தான் இருக்கும், அவர் தொட்டுக்கூடப் பார்க்க முடியாது. கிடங்கு வாடகை, காப்பீடு தனி. சரக்கு ஆவியாகிக்கொண்டே இருக்கும், ஆல்கஹால் அளவு 40 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் சட்டப்படி அதை ஸ்காட்ச் என்றே சொல்ல முடியாது. பீப்பாய் எண்ணும், உரிமையை உங்கள் பேருக்கு மாற்றி வடிசாலை ஒப்புக்கொண்ட கடிதமும் இல்லாமல் வண்ண வண்ணமாகச் சான்றிதழ் மட்டும் தருகிறார்கள் என்றால் ஓடிவிடுங்கள். போதாக்குறைக்கு 2022-க்குப் பிறகு அரிய விஸ்கியின் ஏல விலைகளும் இறங்குமுகம்.

கிள்ளான் வாசகர்: யாராவது இலவசமாகத் தருவதாக இருந்தால் நீங்கள் எந்தப் பாட்டிலைக் கேட்பீர்கள்? இந்திய விஸ்கிக்கு அந்த வரிசையில் இடம் உண்டா?

பழைய போர்ட் எலன், யோசிக்கவே வேண்டாம். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் 1825-இல் தொடங்கிய வடிசாலை, புகைமணம் தூக்கும் சரக்கு. 80-களின் தொடக்கத்தில் விஸ்கி தேங்கிப்போய் வரிசையாக வடிசாலைகளை மூடினார்கள், இது 1983-இல் போனது. அன்றைக்கு அதன் சரக்கு பெரும்பாலும் கலப்பு விஸ்கிகளுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது, யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மூடிய பிறகு, மிச்சமிருந்த பீப்பாய்கள் குறையக் குறையத்தான் ஆளாளுக்குத் தேட ஆரம்பித்தார்கள். ஜப்பானின் கருயிசாவாவுக்கும் இதே கதை, இருக்கும்போது விற்கவில்லை, மூடிய பிறகு ஏலத்தில் அடிதடி. போர்ட் எலனை 2024-இல் திரும்பத் திறந்துவிட்டார்கள், ஆனால் நான் கேட்பது 1983-க்கு முந்தையது. கொடுத்தால் அன்றைக்கே திறப்பேன்.

இந்தியாவுக்கு வருவோம். பெங்களூரு அம்ருத் நிறுவனம், ஒரே வடிசாலையில் மால்ட்டில் மட்டும் செய்கிற சிங்கிள் மால்ட் விஸ்கியை 2004-இல் முதலில் இறக்கியதே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில், அந்தத் தைரியத்துக்கே ஒரு பெக் ஊற்றலாம். பெங்களூரு வெயிலில் வருடத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஆவியாகிவிடும், 12 வருடம் விட்டால் கால் பீப்பாய்தான் மிச்சம். அங்கே 12 வயது என்பது ஸ்காட்லாந்தில் 60 வயது மாதிரி அரிது. ஆவியாகிப் போவதை விஸ்கிக்காரர்கள் 'தேவதைகளின் பங்கு' என்பார்கள், அதனால் இப்படி வருடக்கணக்கில் விட்டு எடுத்ததற்கு 'பேராசைத் தேவதைகள்' என்ற பொருளில் கிரீடி ஏஞ்சல்ஸ் என்று பெயர் வைத்தார்கள், அது நம் கைக்கு எட்டாது. அம்ருத் ஃபியூஷன் எட்டும், தைரியமாக வாங்கலாம். பெங்களூரு போய் வருகிறவர்களுக்குச் சுங்கத்தில் ஆளுக்கு ஒரு லிட்டர் தீர்வையில்லாமல் அனுமதி உண்டு, குடிக்காத மச்சான் யாராவது இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.