வாசகர் கேள்வி: எட்டு மாதமாக டைமிங் குறையவில்லை, நீச்சலை விட்டுவிடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. ஏழு வயதிலிருந்து நீந்துகிறாள், மாவட்டப் போட்டிகளில் மெடல்கள் வாங்கியிருக்கிறாள். விடியற்காலை ஐந்து மணிக்குப் பயிற்சி, அப்புறம் பள்ளி, மாலையில் மறுபடி பயிற்சி. எட்டு மாதமாக 100 மீட்டர் பிரீஸ்டைலில் அவள் டைமிங் குறையவே இல்லை. இப்போது ‘போதும்மா’ என்கிறாள். அடுத்த மெடலுக்குப் புது செல்போன் என்று சொல்லியும் அசையவில்லை. வற்புறுத்துவதா, விட்டுவிடுவதா?
– ஒரு அம்மா, திருச்சி

பதில்: செல்போனை முதலில் மறந்துவிடுங்கள் அம்மா. மார்கழி மாத இருட்டில், முந்தின நாள் ஈரம் காயாத நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டு குளத்து விளிம்பில் பல் கிட்டிக்க நிற்கும் பிள்ளைக்கு செல்போனும் நினைவுக்கு வராது, மெடலும் வராது. பல வருடம் அப்படி நின்றவள் என்பதால் சொல்கிறேன். பக்கத்து லேன் தோழி குதித்துவிட்டாள், நாம் இன்னும் நிற்கிறோமே என்பதுதான் தோன்றும். அப்புறம் நேற்றைய டைமிங். இந்த இரண்டும்தான் என்னைத் தண்ணீருக்குள் தள்ளின.

மெடல் அடுத்தவர் எப்படி நீந்துகிறார் என்பதைப் பொறுத்தது, டைமிங் மட்டும்தான் பிள்ளையின் சொந்தச் சொத்து. அமெரிக்காவின் கேட்டி லெடக்கி 15 வயதிலேயே லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் தங்கம் வாங்கியவர். அதற்கு மேல் என்ன ஆசை இருக்க முடியும்? அடுத்து வந்த பயிற்சியாளரும் அவரும் 2016 ரியோவுக்கு வைத்துக்கொண்ட இலக்கு இரண்டு டைமிங்தான்: 400 மீட்டரில் 3:56, 800 மீட்டரில் 8:05. அந்த 56-ஐயும் 5-ஐயும் சேர்த்துச் சுருக்கி ‘565’ என்று, பயிற்சியில் காலிடுக்கில் வைத்துக்கொள்ளும் மிதவையில் எழுதி வைத்திருந்தார். ரியோவில் நீந்தியது 3:56.46, 8:04.79.

நம் பக்கத்தில் நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷைப் பாருங்கள். கழுத்து, தோள்பட்டைக் காயத்தால் மாதக்கணக்கில் நீந்த முடியாமல் இருந்தவர். 2021 ஜூனில் பெல்கிரேடில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் 1:56.96, டோக்கியோவுக்கு நேரடித் தகுதி 1:56.48. அரை நொடி கூட இல்லை, அதற்காக மறுபடி குதித்தார். அதே மாதம் ரோமில் 1:56.38. ஒலிம்பிக் ‘ஏ’ தகுதி எனப்படும் அந்த நேரடித் தகுதியைத் தொட்ட முதல் இந்திய நீச்சல் வீரர் அவர்.

உங்கள் மகளுக்கு அந்தச் சொந்தச் சொத்துதான் எட்டு மாதமாக வளரவில்லை. வலிக்கத்தானே செய்யும்? ஆனால் 12, 13 வயதில் பெண் பிள்ளைகளுக்கு இது சகஜம். உயரம், எடை, இடுப்பு எல்லாம் மாறும்போது தண்ணீரில் உடம்பு நிற்கும் வாகும் மாறும், பழைய ஸ்ட்ரோக் புது உடம்புக்குப் பொருந்த நாளாகும். யாரும் இதைச் சொல்லித் தராததால், தான் சோம்பேறியாகிவிட்டோம் என்று அவளே நினைத்துக்கொண்டிருக்கலாம். இன்னொன்றையும் கேளுங்கள்: பீரியட்ஸ் நாட்களில் பயிற்சிக்குப் போவதைக் கோச்சிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ‘போதும்மா’ என்று நின்றுகொண்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். கோச் ஆணாக இருந்தால் நீங்களே போய்ப் பேசுங்கள், அவளைப் பேச வைக்காதீர்கள்.

கோச்சிடம் 100 மீட்டரைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவைக்கச் சொல்லுங்கள். டர்னில் சுவரை உதைத்தபின் எவ்வளவு தூரம் போகிறாள், 25 மீட்டருக்கு எத்தனை ஸ்ட்ரோக் எடுக்கிறாள் என்று சின்னக் கணக்கு ஒன்றை அவள் கையிலேயே கொடுக்கலாம், ஒரு நோட்டில் அவளே எழுதட்டும். 22 ஸ்ட்ரோக் 20 ஆனால் அது அவளுக்குத்தான் முதலில் தெரியும்.

கூட நீந்திய தோழி யாராவது சமீபத்தில் நின்றுவிட்டாளா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் பாதிப் பேர் விடுவது அதனால்தான் என்பது என் அனுபவம். அப்படியென்றால் வயது ஒத்த பிள்ளைகள் இருக்கும் பேட்சுக்கு மாற்றிப் பாருங்கள்.

இரண்டு வாரம் காலைப் பயிற்சிக்கு லீவு கொடுங்கள், மாலை மட்டும் போகட்டும். அதற்கப்புறமும் வேண்டாம் என்றால், விட்டுவிடுங்கள் அம்மா, வருத்தம் காட்டாமல். காலையில் பை எடுத்து வைத்துக்கொண்டு அவளே உங்களை எழுப்பினால், போட்டி முடிந்து ஈரத் தலையோடு வருகிறவளிடம் ‘எத்தனையாவது வந்தே?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘பசிக்குதா?’ என்று கேளுங்கள். மற்றதை வண்டியில் வரும்போது அவளே சொல்வாள்.