தீம் பார்க்குக்கு முதல் தடவை வர்ற நண்பர்: கேள்வி பதில்

லீவு நெருங்குதுங்க. பனியன் கம்பெனி, ஸ்பின்னிங் மில், காலேஜ்னு நம்ம பக்கம் எல்லாரும் வண்டி பிடிச்சு தீம் பார்க் கெளம்பற சீசன். ஒவ்வொரு கூட்டத்துலயும் இதுவரைக்கும் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத ஒருத்தர் இருப்பார். அவரைக் கூட்டிட்டுப் போறவங்க கேட்ட கேள்விக்குத்தான் இங்க பதில். நான் ரைடு பராமரிப்புல ஃபிட்டரா இருந்தவன், இப்ப கோவை கணபதியில லேத் பட்டறை.

கேள்வி (திருப்பூர்): எங்க கட்டிங் செக்ஷன்ல ஒரு தம்பி, தாராபுரம் பக்கம் ஊரு. உயரம்னா பயம், ஆனா வர்றேன்னு தலையாட்டிட்டான். எடுத்த எடுப்புல பெரிய ரோலர் கோஸ்டர்ல ஏத்திட்டா பயம் தெளிஞ்சுரும்னு பசங்க சொல்றாங்க. செய்யலாமுங்களா?

பதில்: பசங்க பேச்சைக் கேக்காதீங்க. பயம் தெளியாது. அன்னிக்கு முச்சூடும் அவன் பெஞ்சுல உக்காந்து உங்க பைகளுக்கெல்லாம் காவல் இருப்பான், அவ்வளவுதான்.

முதல்ல ஒண்ணு விசாரிங்க: ஊர் நோம்பியில எதுலயாவது ஏறியிருக்கானா? அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவுக்கோ, ஈரோட்டுப் பொருட்காட்சிக்கோ போகாத ஆளு நம்ம பக்கம் கம்மி. ராட்டினம், கொலம்பஸ் கப்பல், டோரா டோரா இதுல எது பிடிச்சுது, எதுல "போதும்டா சாமி"ன்னு இறங்கினான்னு கேட்டா பாதி விஷயம் தெரிஞ்சுரும். ஏன்னா "பயம்"னு ஒரே வார்த்தையில சொன்னாலும் அது மூணு வகைங்க. மேல நின்னு கீழ பார்க்கற பயம் ஒண்ணு. தொபீர்னு கீழ விழறப்ப அடிவயிறு கூசறது இன்னொண்ணு. சுத்தறது ஒத்துக்காம கிறுகிறுன்னு வர்றது மூணாவது.

உயர பயம் இருக்கறவனைப் பெரும்பாலும் எல்லாரும் ஜயன்ட் வீல்லதான் முதல்ல ஏத்துவாங்க, "மெதுவாத்தானே சுத்துது"ன்னு. அவனுக்கு அதுதான் மோசமான ரைடு. உச்சியில கொண்டுபோய் நிறுத்தி, கீழ ஆளு ஏத்தி இறக்கற வரைக்கும் தொட்டில் ஆடிட்டே நிக்கும். கீழ பார்க்கறதைத் தவிர அங்க வேற வேலை இல்ல. சின்ன கோஸ்டர்ல அந்தத் தொல்லை கிடையாது, பயப்படவே நேரம் இருக்காது.

நான் போற வழி இது: டேஷிங் காரு மாதிரி தரையோட தரையா ஓடற ஒண்ணு, அப்புறம் குழந்தைங்க குடும்பத்தோட ஏறற சின்ன கோஸ்டர், அப்புறம் கப்பல்ல நடு சீட்டு. ஒவ்வொண்ணுக்கும் முன்னால ஒரு முழு ரவுண்டு வெளிய நின்னு பார்க்க விடுங்க. ரைடைப் பார்க்கச் சொல்லாதீங்க, இறங்கி வர்றவங்க முகத்தைப் பார்க்கச் சொல்லுங்க. பாட்டி ஒருத்தர் சிரிச்சுட்டே இறங்கறதைப் பார்த்தா நீங்க பத்து தடவை சொல்றதுக்குச் சமம். எதுல இறங்கி "இன்னொருக்கா போலாம்"னு அவனா சொல்றானோ அதுலயே இன்னொருக்கா போங்க. அடுத்ததுக்கு இழுக்காதீங்க.

கேள்வி (பெருந்துறை, கல்லூரி மாணவி): வரிசையில ஒரு மணி நேரம் நின்னு, ஏறப்போற நேரத்துல வேண்டாம்னு சொன்னா என்ன பண்றதுங்கண்ணா? எங்க கேங்ல கிண்டல் பண்ணியே கொன்னுருவாங்க.

பதில்: ஏறற மேடையிலேயே வெளிய போக வழி இருக்கும் அம்மணி. எதிர்ப்பக்கம் இறங்கறவங்க போற படிக்கட்டுதான் அது. ஆபரேட்டர்கிட்ட "நான் ஏறல"ன்னு ஒரு வார்த்தை போதும், அவர் ஒண்ணும் நினைக்க மாட்டார். அவருக்கு அது தினமும் நடக்கறது. சீட்டுல நம்மளைப் பிடிச்சு வைக்கற லாக் போட்டதுக்கு அப்புறம்கூடச் சொல்லலாம், வண்டி நகர்றதுக்கு முன்னாலன்னா திறந்து விடுவாங்க. நகர்ந்த பிறகுதான் ஒண்ணும் பண்ண முடியாது.

கேங்குக்கு நான் சொல்றது: கூட ஒருத்தர் இறங்கிருங்க. தனியா இறங்கினாத்தான் அது தோத்துப்போன மாதிரி ஆகும். ரெண்டு பேரா இறங்கிப் போயி கரும்பு ஜூஸ் குடிச்சா அதுல கிண்டலுக்கு என்ன இருக்கு?

கேள்வி (காங்கேயம்): நிஜமாவே பத்திரமுங்களா? கோஸ்டர் மேல ஏறறப்ப "டக் டக் டக்"னு ஒரு சத்தம் வருது, செயின் தேஞ்சு போச்சோன்னு எங்க மாமா இறங்கின பிறகும் அதையே சொல்லிட்டிருந்தார்.

பதில்: அந்தச் சத்தம் கேட்டா உங்க மாமா நிம்மதியா இருக்கலாமுங்க. பெட்டிக்கு அடியில கொக்கி மாதிரி ஒரு இரும்பு நாக்கு தொங்கும். ஏத்தத்துல நடுவுல ரம்பப்பல்லு மாதிரி ஒரு பட்டை போட்டிருப்பாங்க. பெட்டி மேல ஏற ஏற அந்த நாக்கு ஒவ்வொரு பல்லா தாண்டி விழுந்துட்டே போகும், அதுதான் "டக் டக்". செயினே அறுந்தாலும் பெட்டி பின்னால உருளாம அந்தப் பல்லுல மாட்டி நின்னுக்கும். கெணத்துல தண்ணி சேந்தற இரும்பு ராட்டுல பின்னால சுத்தாம தடுக்கற கட்டை இருக்குமே, அந்த வேலைதான்.

உச்சிக்குப் போனதும் செயின் விட்டுரும். அப்புறம் மோட்டாரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஏத்தி விட்ட உயரத்தை வச்சே கடைசி வரைக்கும் ஓடி வரும். சக்கரமும் ஒரே வரிசை இல்லைங்க: தண்டவாளத்துக்கு மேல ஒண்ணு, பக்கத்துல ஒண்ணு, அடியில ஒண்ணு. மூணு பக்கமும் கவ்விட்டே ஓடறதால பெட்டி எகிற முடியாது. அடிச்சக்கரத்துக்கு ஜான் மில்லர்ங்கற அமெரிக்கர் 1919-லயே காப்புரிமை வாங்கிட்டார். அதுக்கு அப்புறம்தான் கோஸ்டரை தைரியமா செங்குத்தா விட முடிஞ்சுது.

வெடியால கேட்டுத் திறக்கறதுக்கு முன்னால ரைடைக் காலியா ஓட்டிப் பார்ப்பாங்க. லாக் ஒவ்வொண்ணையும் கையால இழுத்துப் பார்க்கணும். சத்தம் மாறியிருந்தா பழகின காது சொல்லிரும். நடுவுல எப்பவாவது நின்னுபோச்சுன்னா பதறாதீங்க, ஒரு சென்சார் சந்தேகப்பட்டாலே நிறுத்திரும். நிக்கறது கோளாறு இல்ல, பாதுகாப்பு வேலை செய்யுதுன்னு அர்த்தம். பக்கத்துலயே நடைபாதை இருக்கும், ஆளு வந்து இறக்கி விடுவாங்க. நீங்களா லாக்கை நோண்டி இறங்கறதுதான் ஆபத்து.

இதெல்லாம் ஒழுங்கா நடத்தற இடத்துக்குப் பொருந்தும். பெல்ட்டு வார் பிஞ்சு கயிறு கட்டியிருந்தா, ஆபரேட்டர் லாக்கைத் தொட்டே பார்க்காம சுவிட்ச் போட்டா, காசு போனாப் போகுதுன்னு இறங்கிருங்க.

கேள்வி (பொள்ளாச்சி): கோஸ்டர்ல முன்னால உக்காரலாமா, பின்னாலயா? கப்பல்ல?

பதில்: புதுசா வர்றவங்களுக்குக் கோஸ்டர்ல நடு. முன்சீட்டுல பள்ளம் கண்ணு முன்னால திறக்கும், பார்க்க பயம். கடைசி சீட்டுல ஒண்ணும் தெரியாது, ஆனா முன்பெட்டிங்க ஏற்கெனவே கீழ இறங்கி இழுக்கறதால உச்சியைத் தாண்டறப்ப சுண்டி எடுத்துரும். கப்பல்லயும் நடுதான், ஓரம் ரெண்டும்தான் ரொம்ப உயரம் போகும்.

வளையம் சுத்தற கோஸ்டர் வச்சிருந்தா அதோட வடிவத்தைக் கவனிங்க. முழு வட்டமா இருக்காது, நீர்த்துளியைக் கவுத்து வச்ச மாதிரி, மேல வளைவு இறுக்கமா இருக்கும். முழு வட்டமா செஞ்ச பழைய காலத்துல வளையத்துக்குள்ள நுழையற இடத்துலயே கழுத்தை அமுக்கி எடுத்துருச்சு. 1976-ல கலிபோர்னியாவுல துளி வடிவத்துல செஞ்ச பிறகுதான் இது ஊரெல்லாம் பரவுச்சு.

கேள்வி (ஈரோடு): என் ஃபிரெண்டு பஸ்ல சத்தியமங்கலம் மலைப்பாதை ஏறினாலே வாந்தி. அவனைக் கூட்டிட்டுப் போறது வீண் வேலையா?

பதில்: வீண் இல்ல. சுத்தற ரைடை மட்டும் விட்டுருங்க. உள்காதுல இருக்கற நீர் "ஆடறேன்"னு சொல்லும், கண்ணு வேற ஒண்ணு சொல்லும். ரெண்டும் ஒத்துப்போகாதப்பதான் குமட்டறது. அதனால தூரத்துல நகராத ஒண்ணைப் பார்க்கச் சொல்லுங்க, இல்லைன்னா கண்ணை மூடிக்கச் சொல்லுங்க. நேரா ஏறி இறங்கற ரைடுங்க அவ்வளவா படுத்தாது. மாத்திரை போடறதா இருந்தா குமட்ட ஆரம்பிச்ச பிறகு போட்டுப் பலனில்ல, முன்கூட்டியே போடணும். தூக்கம் வரும், அதனால டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் போடுங்க.

வெறும் வயித்தோடவும் ஏறக்கூடாது. காலையில ரெண்டு இட்லி சரி. மதியம் பிரியாணியைக் கட்டு கட்டிட்டு பிரேக் டான்ஸ் மாதிரி சுத்தற ரைடுல ஏறினா, அடுத்து ஏறறவங்களைப் பத்தியும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.

கேள்வி (அவிநாசி): தண்ணியா, தரையா, எது முதல்ல? டிரஸ் என்ன?

பதில்: காலையில வரிசை கம்மியா இருக்கறப்ப தரை ரைடு, சாப்பிட்டு ஓய்வெடுத்து வெயில் ஏறின பிறகு தண்ணி. ஈரத்துணியோட தரை ரைடுல பல இடத்துல விட மாட்டாங்க. தண்ணிக்கு நைலான் துணிதான். திருப்பூர் ஆளுங்களுக்கு இது கசக்கும், ஊருக்கெல்லாம் பனியன் தைக்கறோம், நம்ம காட்டன் பனியனை அங்க வெளிய நிறுத்திருவாங்க. காட்டன் தண்ணி குடிச்சு கனத்துப் போகும், சறுக்குல பிடிச்சு இழுக்கும். ஜிப்பு, மெட்டல் பட்டன் வச்சதும் வேண்டாம். கொலுசு, தாலிக்கொடி, மோதிரம் வீட்டுலயோ லாக்கர்லயோ.

கேள்வி (கோபி): தோழிக்கு நீச்சல் தெரியாது. அலைக்குளத்துல இறங்கலாமுங்களா?

பதில்: நம்மள்ல பாதிப்பேருக்குத் தெரியாது. அலைக்குளம் கடற்கரை மாதிரி சரிவா இருக்கும், முட்டிக்கால் ஆழத்தைத் தாண்டாம இருந்தா போதும். அலை விடறதுக்கு முன்னால சைரன் அடிப்பாங்க. சறுக்குல கையை நெஞ்சுல கட்டி, கால் மேல கால் போட்டு, மல்லாக்கப் படுத்துப் போகணும். முன்னால போனவங்க குளத்தை விட்டு எந்திரிக்கற வரைக்கும் விடக்கூடாதுன்னு காவலருக்குத் தெரியும், அவரை அவசரப்படுத்தாதீங்க.

கேள்வி (கோவை): பிளாக் தண்டரா, கொச்சி வொண்டர்லாவா?

பதில்: முதல் தடவைக்காரரோடன்னா மேட்டுப்பாளையம் பிளாக் தண்டருக்குத்தான் என் ஓட்டு. மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டுல ஊட்டி பஸ் ஏறினா வாசல்லயே இறங்கலாம், பொழுதோட வீடு வந்து சேரலாம். தண்ணிதான் அங்க பிரதானம், அவருக்குக் கூச்சம் சீக்கிரம் விடும். ஊட்டிக்கு இ-பாஸ் கேக்கறாங்களேன்னு சிலர் பயப்படறாங்க, அது நீலகிரிக்குள்ள நுழையறவங்களுக்கு. பார்க் அடிவாரத்துல, கோவை மாவட்டத்துலயே இருக்கு. மே மாசம் சனி ஞாயிறு மட்டும் வேண்டாம், ஊட்டிக் கூட்டம் ரோட்டை அடைச்சுரும்.

கொச்சியில 2000-ல வீகாலேண்டுன்னு ஆரம்பிச்சதுதான் இன்னிக்கு வொண்டர்லா. பெரிய தரை ரைடு வேணும்னா அங்க போகலாம். ஆனா கோவையில இருந்து சுமார் 190 கிலோமீட்டர். குதிரான் சுரங்கம் திறந்த பிறகு ரோடு பரவாயில்லன்னாலும் ஒரே நாள்ல போய்ட்டு வந்தா முதல் தடவைக்காரருக்கு ரைடைவிட பஸ்தான் ஞாபகம் இருக்கும். ஜூன், ஜூலையில அங்க மழை, இடி மின்னல்னா உயர ரைடெல்லாம் நிறுத்திருவாங்க.

கேள்வி (கரூர்): அம்மாவுக்கு பிரஷர், தங்கச்சி மாசமா இருக்கா. சின்ன ரைடு?

பதில்: தங்கச்சி எதுலயும் ஏற வேண்டாம். அம்மாவுக்கு டாக்டர் சரின்னா மட்டும் மெதுவான ரைடு. நிழலான உக்கார்ற இடமாப் பிடிச்சுக் குடுங்க.

கேள்வி (சென்னிமலை): நான்தாங்க அந்த முதல் தடவைக்காரன். கூட்டிட்டுப் போறவனுங்க எதைச் சொல்லாம விடுவானுங்க?

பதில்: சபாஷ். லாக் போடறப்ப முதுகை சீட்டோட ஒட்டி உக்காருங்க, வயித்தை உப்பிட்டு இருந்தா லாக் தளர்வா நின்னுரும். தலையை சாய்மானத்துல வச்சுக்குங்க, திரும்பிப் பார்க்காதீங்க. விழறப்ப மூச்சைப் பிடிக்காம கத்துங்க, யாரும் உங்களைப் பார்க்கப் போறதில்ல, அவனுங்களும் கத்திட்டுத்தான் இருப்பானுங்க. போன், கண்ணாடி, பர்ஸ் எதுவும் சட்டைப் பையில வேண்டாம். இறங்கினதும் ரெண்டு நிமிஷம் கால் நிலை கொள்ளாது, படியில கைப்பிடியைப் பிடிச்சுட்டு இறங்குங்க. பெட்ரோல் காசு, டிக்கெட் காசு யாரு யாருக்குத் தரணும்னு கெளம்பறதுக்கு முன்னாலயே பேசிருங்க.