ஓட்டுநர் குடிக்கவில்லை, பின்சீட்டில் இருப்பவர் பீர் குடிக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: அடுத்த மாதம் நண்பர்கள் ஐந்து பேர் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து லாஸ் வேகாஸுக்கு வாடகைக் கார் எடுத்துப் போகிறீர்கள். ஓட்டுபவர் ஒரு சொட்டும் தொட மாட்டார். அப்படியானால் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் ஆளுக்கொரு பீர் குடிப்பதில் என்ன தவறு?

கூடாது. நீங்கள் கடக்கப்போகும் கலிபோர்னியா, நெவாடா இரண்டிலுமே கூடாது. இதை நான் சட்டப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கொஞ்சம் அவமானப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கலிபோர்னியா, நெவாடா எல்லையில் இருக்கும் டாஹோ ஏரிக்குப் போய்விட்டு 80ஆம் எண் நெடுஞ்சாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். என் மினிவேன், நான்தான் ஓட்டினேன். எனக்குக் குடிப் பழக்கமே கிடையாது. அதனாலேயே எல்லாப் பயணத்திலும் சாவி என் கைக்கு வந்துவிடும். மூன்றாம் வரிசையில் இருந்த நண்பன் ஆறு கேன் கொண்ட அட்டையிலிருந்து ஒன்றை எடுத்துத் திறந்தான். அந்தச் 'சிஸ்' சத்தம் எனக்குக் கேட்டது. "ஓட்டுவது நீதானே, எனக்கென்ன?" என்றான். சரிதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

அரை மணி நேரத்தில் பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு. பீருக்காக நிறுத்தவில்லை, என் வண்டியின் பின்விளக்கு ஒன்று எரியவில்லை. காவலர் டார்ச்சை மெதுவாக உள்ளே ஓட்டினார். வெளிச்சம் மூன்றாம் வரிசையில் கப் வைக்கும் குழிக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. அதன் பிறகு பின்விளக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. என்னை இறங்கச் சொன்னார். நான் குடித்திருக்கிறேனா என்று சோதிக்க, பேனா முனையை என் மூக்குக்கு எதிரே பிடித்து இடமும் வலமுமாக நகர்த்தினார். தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் அதைத் தொடர வேண்டும். வாழ்நாளில் பீர் வாசனைக்கே முகம் சுளிக்கும் நான், சாலை ஓரத்தில் நின்று பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நண்பன் உள்ளிருந்தபடியே "நான் வண்டி ஓட்டவில்லையே" என்று இரண்டு முறை சொன்னான். நீங்கள் ஓட்டினீர்கள் என்று நான் சொல்லவேயில்லை என்றார் காவலர்.

பிறகு அந்தக் கேனைச் சரளைக் கல்லின் மேல் கவிழ்த்தார். நுரை அடங்கும்வரை நாங்கள் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அட்டையில் மீதியிருந்த ஐந்து கேன்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்தச் சட்டத்தின் போக்கு எனக்குப் பிடிபட்டது அந்த இடத்தில்தான். யார் குடித்தார், யார் ஓட்டினார் என்பதெல்லாம் இதற்கு இரண்டாம் பட்சம். மூடி திறந்திருக்கிறதா, திறந்தது எங்கே இருக்கிறது என்று மட்டுமே அது பார்க்கிறது. நண்பனுக்கு அபராதச் சீட்டு, எனக்கு எச்சரிக்கை. அபராதத்தைவிட அதன் தலையில் ஏறிய நீதிமன்றக் கட்டணங்கள்தான் பெரிதாக இருந்தன என்று இன்றும் புலம்புகிறான்.

கலிபோர்னியாவின் வாகனச் சட்டத்தில் இதற்கென்று அடுத்தடுத்துப் பல பிரிவுகள் உள்ளன. 23221 ஓட்டுநர், பயணி இருவருமே வண்டியில் மது அருந்துவதைத் தடுக்கிறது. 23223 திறந்த மதுவை வைத்திருப்பதையே தடுக்கிறது. குடித்ததாக நிரூபிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. 'திறந்த' என்பதற்கான விளக்கமும் அகலமானது: மூடி திறக்கப்பட்டிருந்தாலும், முத்திரை உடைந்திருந்தாலும், உள்ளிருப்பதில் கொஞ்சம் குறைந்திருந்தாலும் அது திறந்த பாத்திரம்தான். பழுப்புக் காகிதப் பையில் சுற்றினாலோ காப்பிக் குவளையில் ஊற்றினாலோ எதுவும் மாறாது. 0.5 சதவீதத்துக்கும் குறைவான ஆல்கஹால் உள்ள 'ஆல்கஹால் இல்லாத' பீர் மட்டும் இதில் சேராது.

உங்களுக்கு முக்கியமானது 23225. திறந்த பாட்டிலை டிக்கியில்தான் வைக்க வேண்டும். அந்தப் பொறுப்பு வண்டியின் உரிமையாளருடையது. உரிமையாளர் வண்டியில் இல்லாவிட்டால் பொறுப்பு ஓட்டுநருக்கு வந்துவிடும். வாடகைக் காரில் உரிமையாளர் ஏது? ஆக, பின்சீட்டில் யாரோ திறந்து வைத்த பாட்டிலுக்கு ஒரு சொட்டும் தொடாத உங்கள் ஓட்டுநரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இதை ஐந்து பேரும் புறப்படும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். யாரோ குடித்ததற்கு இன்னொருவன் சீட்டு வாங்கினால் நட்பு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

டிக்கி இல்லாத மினிவேன், எஸ்யூவி என்றால் ஆட்கள் வழக்கமாக உட்காராத இடத்தில், அதாவது கடைசி இருக்கைக்குப் பின்னால் வைக்கலாம். முன்னால் உள்ள டேஷ்போர்டு பெட்டி கலிபோர்னியாவில் செல்லாது. டெக்சாஸில் பூட்டிய டேஷ்போர்டு பெட்டி செல்லும். இப்படி மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால்தான் "எங்கள் ஊரில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்" என்று யாராவது சொன்னால் எந்த ஊர் என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் மது விதிகள் பெரும்பாலும் மாநிலங்களின் கையில் இருக்கின்றன. மத்திய அரசு நேரடியாகத் தடை போடாமல் 1998இல் பணத்தின் மூலம் நெருக்கியது. வண்டிக்குள் எல்லோருக்கும், எல்லா வகை மதுவுக்கும், வைத்திருப்பது குடிப்பது இரண்டுக்கும் பொருந்தும் தடையை மாநிலம் கொண்டுவர வேண்டும்; சாலை ஓரத்தில் நிறுத்திய வண்டியும் இதில் அடங்கும். கொண்டுவராவிட்டால் அந்த மாநிலத்துக்குரிய நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதி சாலை போடுவதிலிருந்து பிடுங்கப்பட்டு, குடித்துவிட்டு ஓட்டுவதைத் தடுப்பது போன்ற பாதுகாப்பு வேலைகளுக்குத் திருப்பிவிடப்படும். பெரும்பாலான மாநிலங்கள் பணிந்தன. சில பணியவில்லை.

மிசௌரியில் ஓட்டுபவர் குடிக்கக் கூடாது, ஆனால் பயணிகளைத் தடுக்கும் மாநிலச் சட்டம் இல்லை. சில நகரங்கள் தாமாகத் தடை போட்டிருக்கின்றன. பட்வைசர் பீர் பிறந்த செயின்ட் லூயிஸ் நகரம் அந்த மாநிலத்தில் இருப்பதை நினைத்து நான் சிரித்ததுண்டு. கனெடிகட், டெலவேர், டென்னசி ஆகியவையும் பயணிகள் விஷயத்தில் தாராளம்தான். மிசிசிப்பி இன்னும் ஒரு படி மேலே: ஓட்டுநரே குடித்தாலும், ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதத்தைத் தொடாமல், தடுமாறாமல் ஓட்டும்வரை மாநிலச் சட்டத்தில் அதற்குத் தடை இல்லை. வர்ஜீனியாவின் வழி வேறு. பயணி குடிப்பதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. ஆனால் திறந்து கொஞ்சம் குறைந்த பாட்டில் ஒன்று வண்டிக்குள் இருந்து, ஓட்டுநரிடம் குடித்த அறிகுறியும் தென்பட்டால், அவர் ஓட்டும்போதே குடித்தார் என்று ஊகிக்க அங்கே சட்டம் இடம் தருகிறது. இல்லை என்று காட்ட வேண்டியது அவர் பாடு.

லூசியானாவைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அங்கே காரில் இருந்தபடியே ஜன்னல் வழியாக டாக்கிரி என்ற குளிர்ந்த மதுபானம் வாங்கலாம். மூடி மூடியே இருந்து, அதன் வழியே ஸ்ட்ரா நீட்டிக்கொண்டிருக்காமல், ஒரு வாய்கூடக் குறையாமல் இருந்தால் அது திறந்த பாத்திரம் அல்ல. ஸ்ட்ராவைக் குத்திய நொடியில் குற்றம். சட்டம் எழுதியவர்களின் பொறுமையை மெச்சத்தான் வேண்டும்.

இனி லாஸ் வேகாஸ். அங்கே சூதாட்ட விடுதிகள் வரிசையாக இருக்கும் ஸ்ட்ரிப் சாலையில் பிளாஸ்டிக் குவளையும் கையுமாக நடந்து போகிறவர்களைப் பார்த்து, இந்த ஊரில் எங்கேயும் குடிக்கலாம் என்று ஏமாந்துவிடாதீர்கள். அது நடப்பவர்களுக்கு. அதே குவளையோடு உங்கள் காரில் ஏறினால் நெவாடாவின் தடை உங்களுக்கும் பொருந்தும்.

விலக்கு யாருக்கு? கட்டணம் வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றிச் செல்லும் பஸ், டாக்சி, லிமோசின் ஆகியவற்றின் பயணிகளுக்கும், வீடு போல அமைந்த பெரிய வண்டிகளின் வசிக்கும் பகுதியில் இருப்பவர்களுக்கும் பல மாநிலங்கள் விலக்கு தருகின்றன. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். காசு கொடுத்து எடுத்த கார் என்பதால் வாடகைக் காரும் இதில் வரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வராது, சாவியை வாங்கி நீங்களே ஓட்டினால் அது சொந்தக் காருக்குச் சமம். செயலி மூலம் அழைக்கும் ஊபர், லிஃப்ட் வண்டிகளில் திறந்த மதுவை அந்த நிறுவனங்களின் விதிகளே அனுமதிப்பதில்லை.

ஐவரில் யாராவது 21 வயது நிரம்பாதவரா? அப்படியானால் மூடிய பீர்கூட அவர் வசம் இருக்கக் கூடாது. கலிபோர்னியாவில் அதற்குத் தனிப் பிரிவு, 23224, இருக்கிறது. அது அபராதச் சீட்டோடு முடிகிற விவகாரமும் அல்ல.

விசாவில் இருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் ஒரு வார்த்தை. திறந்த கேனுக்கான சீட்டு வேறு, குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதாவது வேறு. இரண்டாவதில் தண்டனை உறுதியாகும் முன்பே விசாவை ரத்து செய்ய வெளியுறவுத் துறைக்கு அதிகாரம் உண்டு. முதலாவது இரண்டாவதற்குக் கதவு திறந்துவிடும் என்பதுதான் எனக்குக் கவலை. கேன் கண்ணில் பட்டதால்தான் பேனா வெளியே வந்தது.

ஆகவே வழியில் வாங்குவதை முத்திரை உடைக்காமல் டிக்கியில் போடுங்கள். பயணத்திலேயே குடித்தாக வேண்டும் என்றால் ஓட்டுநரோடு வேன் எடுங்கள். பதிவு செய்யும்போதே, மதுவுக்கு அனுமதி உண்டா என்று அவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்புறம், புறப்படும் முன் பின்விளக்குகள் எரிகின்றனவா என்று ஒருவரை இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.