வீட்டில் வளர்த்த வெண்பன்றியை முதல்முறையாக அறுக்கப் போகிறோம், என்னென்ன தயார் செய்துகொள்ள வேண்டும்?

கேட்டவர் இரண்டு வெண்பன்றி வைத்திருக்கிறார். எட்டு மாதம் ஆகிறதாம், பொங்கலுக்கு ஒன்றை அறுக்க யோசனை, கோழிக்கு மேல் எதையும் அறுத்துப் பழக்கமில்லை என்கிறார். இரண்டு வருடம் முன்பு நானும் இதே நிலையில் இருந்தேன். எங்கள் தோட்டம் திருச்செங்கோட்டுக்கும் பரமத்தி வேலூருக்கும் நடுவில். வளர்த்த இரண்டில் முதலாவதைப் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை அறுத்தோம், செய்யக்கூடிய தப்பையெல்லாம் செய்தோம். இரண்டாவதை மூன்று வாரம் கழித்து. இரண்டையும் வைத்தே சொல்கிறேன்.

முதல் தப்பு அம்மா செய்தது. அறுப்பவர் (பக்கத்து ஊர்ப் பெரியவர், நாற்பது வருடமாக இதே வேலை) விடியற்காலையில் வந்து பன்றியின் வயிற்றைப் பார்த்ததுமே கேட்டார்: "ஏனுங்க அம்மணி, நேத்துப் பொழுதோட எதாச்சும் ஊத்துனீங்களா?" அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "நாளைக்குப் போவுதேன்னு மனசு கேக்கலீங்க, ஒரு வாளி கஞ்சி ஊத்துனனுங்க" என்றார். அந்த ஒரு வாளி கஞ்சி எங்களுக்கு இரண்டு மணி நேர வேலை வைத்தது. குடல் முட்டிப் போயிருந்தால் கத்தி படாமல் எடுப்பது பழகிய கைக்கே கஷ்டம். எங்களுடையதில் பட்டுவிட்டது. தொடையின் உள்பக்கம் பூராவும் கழிவு சிந்தி, ஐந்து கிலோ போலக் கறியைக் குழியில் போட்டோம். முந்தைய நாள் காலையோடு தீனியை நிறுத்துங்கள். தண்ணீரை நிறுத்த வேண்டாம், கடைசி வரை தாராளமாகக் குடிக்கட்டும். வீட்டில் எல்லோருக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள், முக்கியமாகத் தினமும் தீனி வைப்பவருக்கு.

இரண்டாவது தப்பு என்னுடையது. அறுக்கும் இடம் வேப்பமரத்தடி, கொட்டில் இருப்பதோ தோட்டத்தின் அந்தக் கோடியில். காலையில் போய் ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். பிறந்ததிலிருந்து கொட்டிலைத் தாண்டாத பன்றி, நான்கு பேரைக் கயிறும் தடியுமாகப் பார்த்தால் என்ன செய்யும்? கால் மணி நேரம் மஞ்சள் காட்டுக்குள் எங்களை ஓடவிட்டது. அதன் கத்தலில் இரண்டாவது பன்றி அன்று முழுக்கத் தீனி தொடவில்லை. கறியிலும் அது தெரிந்தது. பயந்து ஓடிய பன்றியின் தசையில் அமிலம் சட்டென்று ஏறிவிடும். உடம்புச் சூடு இறங்குமுன் அப்படி ஏறினால் கறி வெளுத்து, தொளதொளவென்று நீர் கக்கும். வாணலியில் போட்டதும் பாதியாகச் சுருங்கியது.

இரண்டாவது பன்றிக்கு மூன்று நாள் முன்பே மரத்தடியில் மூங்கில் தட்டி கட்டி அங்கேயே பழக்கினோம். அன்று காலை தரையில் ஒரே ஒரு கை தவிடு தூவினோம். முகர்ந்து பார்க்கத் தலையைக் குனிந்தது, பெரியவர் சம்மட்டியால் ஒரே அடி. இரண்டு கண்ணுக்கும் நடுவே, கண் மட்டத்திலிருந்து ஒரு அங்குலம் மேலே. விழுந்த கையோடு, பதினைந்து எண்ணுவதற்குள், கழுத்தடியில் நெஞ்செலும்புக்கு முன்னால் கத்தி இறங்கி ரத்தம் வெளியே வந்துவிட்டது. சத்தமே இல்லை. இந்த ஒரு வேலையை மட்டும் முதல்முறை நீங்கள் செய்யாதீர்கள். அடி தவறினால் வேதனை அதற்கு, ஆபத்து உங்களுக்கு. கூலி கொடுத்துப் பழகிய ஆளை வையுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். மீதி வேலைகளை நாமே கற்றுக்கொள்ளலாம்.

இனி, கத்தியைத் தொடும் முன்பே பார்க்க வேண்டியவை. குடற்புழுவுக்கோ காய்ச்சலுக்கோ ஊசி போட்டிருந்தால், அந்த மருந்து கறியிலிருந்து விலக எத்தனை நாள் விட வேண்டும் என்று கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். நாங்கள் புழு ஊசிக்குப் பிறகு ஒரு மாதம் விட்டோம். காயடிக்காத கிடா என்றால் கறி வீச்சமடிக்கும், மசாலாவால் மறைக்க முடியாது. காய்ச்சல், காதும் வயிறும் சிவந்துபோதல், தீனி எடுக்காமை இருந்தால் அறுக்கவே கூடாது. உடனே கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2022இல் வயநாட்டுப் பண்ணைகளுக்கு வந்தது, 2023 ஜனவரியில் முதுமலைக் காட்டுப்பன்றிகளிடமும் தெரிந்தது. மனிதருக்குத் தொற்றாது, ஆனால் பக்கத்துப் பண்ணைகளை ஒட்டத் துடைத்துவிடும். ஓட்டல் மிச்சம் போட்டு வளர்ப்பவர்கள் அதைக் கொதிக்க வைத்தே போடுங்கள்.

சட்டம்: நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் அனுமதி பெற்ற அறுவைக்கூடத்துக்கு வெளியே அறுக்கக் கூடாது. சினைப் பன்றியை எங்கேயும் அறுக்கக் கூடாது. கறியை விற்கப் போகிறீர்கள் என்றால் உரிமம், மருத்துவர் சான்று எல்லாம் வேண்டும். உங்கள் ஊருக்கு என்ன நடைமுறை என்று பஞ்சாயத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எடை பார்க்கத் தராசு வேண்டாம், டேப் போதும். முன்னங்காலை ஒட்டிய நெஞ்சுச் சுற்றளவை மீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, காதுக்கு நடுவிலிருந்து வால் அடி வரை உள்ள நீளத்தாலும் 69.3ஆலும் பெருக்கினால் ஏறக்குறைய கிலோ வரும். எங்களுடையதற்குச் சுற்றளவு 1.10, நீளம் 1.15, அதாவது 96 கிலோ. அதில் குடல் போக எழுபது சதவீதம் போல நிற்கும். வீட்டு ஃபிரிட்ஜில் பத்து கிலோ வைத்தாலே அதிகம், ஆகவே கூறு வாங்குபவர்களை முதலிலேயே எழுதி வையுங்கள். எங்கள் ஒரம்பரையில் (உறவுக்காரர்களில்) பாதிப் பேர் பன்றி தொடமாட்டார்கள். அழைக்காத மீதிப் பாதி பாத்திரத்தோடு வந்து நின்றது வேறு கதை. புரட்டாசியிலும், சபரிமலைக்கு மாலை போடும் நாட்களிலும் வைத்துக்கொண்டால் கூறு எடுக்க ஆள் வராது. தை சரியான மாதம். காலைக் குளிரும் கறிக்கு நல்லது. ஐந்து மணிக்கு ஆரம்பித்து, வெயில் ஏறுமுன் கூறு பிரித்துவிட வேண்டும். ஐஸ் கட்டி ஒன்று முதல் நாளே வாங்கிச் சாக்கில் சுற்றி வையுங்கள்.

அடுத்தது வெந்நீர். இதில்தான் புதியவர்கள் எல்லோரும் சறுக்குகிறார்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மயிர் வராது, தோல் வெந்து மயிரைக் கவ்விக்கொள்ளும். 60 முதல் 65 டிகிரி வேண்டும், கொதிநீர் பாதி கிணற்று நீர் பாதி என்றால் கிட்டத்தட்ட அதுதான். பெரியவரின் கணக்கு வேறு: "கண்ணு, வெரல மூணு தடவ சட்டுச் சட்டுனு முக்கி எடு. நாலாவது முக்க மனசு வரக்கூடாது." கோணிச்சாக்கை மேலே போர்த்தி, அதன்மேல் ஊற்றினால் சூடு நிற்கும். மூன்று நான்கு நிமிடத்தில் காதோர மயிரை இழுத்துப் பாருங்கள், கையோடு வந்தால் சுரண்டலாம். கத்தியைவிட எவர்சில்வர் டம்ளரின் விளிம்பு நன்றாகச் சுரண்டுகிறது. மீதியைத் தென்னஞ்சோகைத் தீயில் வாட்டி, மஞ்சள் பூசிக் கழுவினோம். அந்த வாட்டல் மணம் இல்லாவிட்டால் அது கடைக்கறிதான்.

பின்னங்கால் நரம்புக்குள் கழி செருகித் தலைகீழாகக் கிளையில் தூக்குங்கள். 96 கிலோவை இரண்டு பேர் தூக்க முடியாது, செயின் பிளாக் வாடகைக்கு எடுங்கள். ஆசனவாயைச் சுற்றி அறுத்து, சணலால் இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் வயிற்றைத் திறக்க வேண்டும். கத்தி முனை வெளியே பார்க்க, இரண்டு விரல் உள்ளே காவலாக இருக்கட்டும். மூத்திரப் பையும் பித்தப்பையும் உடையக் கூடாது. கையில் வெட்டுக் காயம் உள்ளவர் தள்ளி நிற்கட்டும், மற்றவர்களும் கையுறை போடுங்கள்.

வெட்டும்போது நாக்கு, தாடை, இதயம், தோள் தசைகளைக் கீறிப் பாருங்கள். ஜவ்வரிசி போல நீர்க்கொப்புளம் தெரிந்தால் நாடாப்புழுவின் இளம்புழு இருக்கும் பை அது, மனதைக் கல்லாக்கிக்கொண்டு முழுதையும் புதைத்துவிடுங்கள். அந்தக் கறியைச் சரியாக வேகாமல் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். மூளையில் கட்டி, வலிப்பு வருவது வேறு வழியில். புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து முட்டை நம் வாய்க்குள் போவதால் வருவது. திறந்தவெளியில் திரியாத, கொட்டிலுக்குள்ளேயே வளரும் பன்றிக்கு இந்தப் பயம் குறைவு. எப்படியானாலும் நன்றாக வேக வையுங்கள்.

குடல், ரத்தக் கழிவுக்கு மூன்றடிக் குழியை முதல் நாளே வெட்டி, சுண்ணாம்பு வாங்கி வையுங்கள். நாங்கள் வேலை முடிந்த பிறகு வெட்ட ஆரம்பித்தோம், அதற்குள் ஊர் நாயெல்லாம் வந்துவிட்டது.

சமையலுக்கு எங்கள் வீட்டில் பள்ளிபாளையம் முறைதான்: சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு, எண்ணெய் ஒரு சொட்டுக்கூட வேண்டாம், கொழுப்பே போதும். இரண்டாவது பன்றியின் கொழுப்பை உருக்கியதில் மூன்று லிட்டர் நெய் வந்தது. பெரியவர் கூலி வாங்கிக்கொண்டு, மூட்டுவலிக்கு ஒரு பாட்டில் நெய்யும் தலையும் கேட்டார். அம்மா இரண்டையும் கொடுத்துவிட்டு, கழுவிக் கவிழ்த்த தீனி வாளியைக் கொட்டில் கூரையில் செருகி வைத்தார்.