விமானி வேலை: கேள்வி பதில்

கே: சார், ப்ளஸ் டூவில் காமர்ஸ் படித்தேன். விமானி ஆக முடியுமா?
ப: இயற்பியல், கணிதம் இரண்டையும் திறந்தநிலைப் பள்ளியில் எழுதித் தேறுங்கள். பயிற்சிப் பள்ளியில் ஒரு ரூபாய் கட்டும் முன் கிளாஸ் 1 மெடிக்கல் (விமானிகளுக்கான மருத்துவத் தகுதிப் பரிசோதனை) முடித்துவிடுங்கள்.

கே: ஆட்டோபைலட்தானே ஓட்டுகிறது? இவர்களுக்கு எதற்கு லட்சக்கணக்கில் சம்பளம்?
ப: ஏர்பஸ் ஏ320 விமானத்தின் டேக்ஆஃப் ஓட்டத்தில் ஆட்டோபைலட்டே கிடையாது. துணை விமானி ஓட்டினாலும் என்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லீவர் மேல் இருப்பது கேப்டன் கை. எடை, ஓடுபாதை நீளம், ஈரம், வெப்பம் எல்லாம் பார்த்து வி1 என்றொரு வேகத்தை முன்பே கணக்கிட்டு வைத்திருப்பார்கள். அதற்குள் என்ஜின் போனால் லீவரை இழுத்து நிறுத்தலாம். வி1 வந்ததும் கேப்டன் கையை எடுத்துவிடுவார். அதற்குமேல் பிரேக் பிடித்தால் ஓடுபாதை போதாது. ஒற்றை என்ஜினில் ஏறியே ஆக வேண்டும். ரடரை (வாலில் உள்ள திசைத் தகடு) பெடலால் மிதித்து மூக்கை நேராக்கி, நிதானமாகத் தூக்கி, சக்கரத்தை மடக்க வேண்டும். பழுதான என்ஜினுக்கான நடவடிக்கையை 400 அடி உயரத்துக்கு முன் தொடக்கூடாது. பழுதானது எந்த என்ஜின் என்பதை இருவரும் பார்த்து உறுதிசெய்த பிறகே அணைக்க வேண்டும். 2015இல் தைபேயில் டிரான்ஸ்ஏசியா விமானம் விழுந்தது, நல்ல என்ஜினை அணைத்ததால்.

கே: (அதே நண்பர்) தானாகவே தரையிறங்குகிறதே!
ப: டெல்லிப் பனிமூட்டத்தில் இறங்கும். அதற்கேற்ற கருவி ஓடுபாதையில் இருக்க வேண்டும், விமானிகளும் அதற்குத் தனியாகப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். பக்கக் காற்றின் வேகம் 20 நாட் (knot) தாண்டினால் கையால்தான்.

கே: அப்போ மங்களூரில் கையால்தானே கோட்டை விட்டார்கள்?
ப: கைத்திறன் அல்ல, முடிவு. 2010இல் அங்கே விழுந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் உயரமாகவும் வேகமாகவும் வந்தார்கள். துணை விமானி கோ அரவுண்ட் (இறங்காமல் மீண்டும் மேலே போ) என்று சொல்லியும் கேப்டன் இறக்கினார். 158 உயிர். மேகத்துக்குள் 1000 அடியில் வேகமும் பாதையும் நிலைப்படவில்லை என்றால் மேலே போய்விட வேண்டும். அந்த ஒரு முடிவுக்குத்தான் சம்பளம். இந்த விவாதம் போதும்.

கே: சம்பளம் எப்படிக் கணக்கிடுகிறார்கள்?
ப: பெரும்பாலும் மாதத்துக்கு இத்தனை மணி நேரம் என்று உறுதித் தொகை, அதற்குமேல் மணிக்கணக்கு. விமானம் நிற்குமிடத்திலிருந்து நகர்ந்தது முதல் போய் நிற்கும்வரைதான் கணக்கு. பயணிகளை ஏற்றிவிட்டு கேட்டில் இரண்டு மணி நேரம் காத்திருந்தால் அது பணிநேரத்தில் சேரும், பறந்த நேரத்தில் சேராது. ஆண்டுக்கு 1000 மணி உச்சவரம்பு. வேலை மாற கேப்டனுக்கு ஓராண்டு நோட்டீஸ், துணை விமானிக்கு 6 மாதம். 2017 முதல் இப்படி.

கே: காமர்ஸ் படித்தவர்கள்...
ப: முதல் பதில்.

கே: கண்ணாடி போட்டிருக்கிறேன்.
ப: போட்டு 6/6 தெரிந்தால் பிரச்சினையில்லை. நிறப்பார்வைக் குறைதான் சிக்கல். அதற்குத்தான் மெடிக்கல் முதலில் என்கிறேன்.

கே: காலையில் மவுத்வாஷ்?
ப: ஆல்கஹால் உள்ளது வேண்டாம். விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் 2023 விதியில் பெயர் சொல்லியே தடுத்திருக்கிறார்கள். மதுச் சோதனைக் கருவியில் ஊதினால் 0.000 காட்ட வேண்டும்.

கே: பயிற்சிக்கு வங்கிக் கடன் கிடைக்குமா?
ப: வங்கியில் கேளுங்கள். போகும்போது மெடிக்கல் சர்டிபிகேட் கையில் இருக்கட்டும்.