எந்த ஊரில், எந்த வேளையில்?

அன்புள்ள ஐயா,

சென்ற டிசம்பர் விடுமுறையில் ஓசூரிலிருந்து கன்னியாகுமரி வரை குடும்பத்தோடு காரில் சென்று வந்தோம். பசித்த இடத்திலெல்லாம் கைப்பேசியில் நட்சத்திர மதிப்பீட்டைப் பார்த்து உணவகங்களைத் தேர்ந்தெடுத்தோம். சேலத்தில் உண்ட அதே நாணும் கோபி மஞ்சூரியனும்தான் நெல்லை வரைக்கும் கிடைத்தன. நண்பர் சொல்லியிருந்த ஒரு மதுரை மெஸ்ஸைத் தேடிப் போனபோது மாலை நான்கு மணி. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டிருந்தார்கள். வரும் மே மாதம் மறுபடியும் அதே வழியில் போகிறோம். என் தாயார் சைவம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஓர் ஊரின் நல்ல உணவை எப்படிக் கண்டுபிடிப்பது?

க., ஓசூர்

அன்புள்ள க.,

உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி அந்த மெஸ்ஸுக்கு நீங்கள் போய்ச் சேர்ந்த நேரத்திலேயே இருக்கிறது. நம் ஊர்களில் நினைவில் நிற்கும் உணவு பெரும்பாலும் ஒரு வேளைக்கு உரியது. அன்று வாங்கிய கறியையும் அன்று அரைத்த மாவையும் வைத்து, வழக்கமாக வருகிறவர்களின் கணக்குக்குச் சமைத்து, தீர்ந்ததும் கடையை எடுத்து வைக்கிறவர்களிடம்தான் அது இருக்கிறது. காலை முதல் நள்ளிரவு வரை எதைக் கேட்டாலும் தரவேண்டிய உணவகம், குளிர்பெட்டியில் தாங்கும் கிரேவிகளையும் ஒரே மசாலாவிலிருந்து பத்துப் பெயர்களில் பிரித்துத் தரக்கூடிய பண்டங்களையும்தான் நம்பியிருக்க முடியும். அதனால்தான் சேலமும் நெல்லையும் உங்கள் தட்டில் ஒன்றாகிவிட்டன. நட்சத்திரம் இடுகிறவர்களிலும் பலர் நம்மைப் போன்ற வழிப்போக்கர்களே. கார் நிறுத்த இடமும் சுத்தமான கழிப்பறையும் அவர்களுக்கு முக்கியம். வயதான தாயாரோடு போகும் உங்களுக்கும் அவை தேவைதான், ஆனால் அவற்றுக்காக ஓரிடத்திலும் சாப்பாட்டுக்காக வேறோர் இடத்திலும் நிறுத்துவதில் தவறில்லை.

நீங்கள் போன 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைக்கும் இதில் பங்கு உண்டு. பேருந்துகள் ஒவ்வொரு நிலையத்துக்குள்ளும் நுழைந்து வெளியேறிய காலத்தில், ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தவருக்கே சாத்தூர்க் காராச்சேவும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் வந்து சேர்ந்தன. நான்குவழிச் சாலை வந்த பிறகு பயணிகள் ஊர்களுக்குள் நுழையாமலே அவற்றைக் கடந்து போகிறார்கள். சாலையோரத்துப் பெரிய உணவகங்களே அவர்கள் காணும் ஊராகிவிட்டது. ஆகவே என் முதல் வேண்டுகோள், குறைந்தது இரண்டு இடங்களிலாவது நெடுஞ்சாலையை விட்டு இறங்கிப் பஜாருக்குள் நடந்து செல்லுங்கள் என்பதுதான். அங்கே "நல்ல ஓட்டல் எங்கே இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் உங்கள் காரையும் உடையையும் பார்த்து, உங்களுக்குத் தகுதியானது என்று அவர்கள் நினைக்கும் ஏசி உணவகத்தைக் காட்டுவார்கள். அது அவர்களுடைய மரியாதை. "இந்த ஊரில் இந்த நேரத்தில் என்ன விசேஷமாகக் கிடைக்கும்?" என்று கேளுங்கள். பாத்திரக்கடைக்காரரும் ஜவுளிக்கடைச் சிப்பந்தியும் தாங்கள் அன்றாடம் உண்ணும் கடையைச் சொல்வார்கள்.

மதுரையில் இது மிகத் தெளிவாகத் தெரியும். காலையில் இட்லியும் பல சட்னிகளும். நண்பகலில் மெஸ்களில் கோலா உருண்டை, ஈரல், சுவரொட்டி (ஆட்டின் மண்ணீரல்) என்று ஆட்டின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பக்குவம். இரண்டரை மணிக்குப் பிறகு அங்கே போவது வீண். மாலையில் தள்ளுவண்டிகளில் பருத்திப்பால் வரும். ஊறவைத்த பருத்திக்கொட்டையை ஆட்டிப் பாலெடுத்து, அரிசிமாவு சேர்த்துக் காய்ச்சி, கருப்பட்டியும் சுக்கும் தட்டிப்போட்டுத் தருவார்கள். அந்த வட்டாரத்துக் கரிசல் நிலத்தில் பருத்தி விளைந்ததால் உண்டான பானம் அது, உங்கள் தாயார் அவசியம் பருகவேண்டும். குழந்தைகளை விளக்குத்தூண் பக்கம் அழைத்துச் சென்று பால், கடற்பாசி, நன்னாரி, ஐஸ்கிரீம் சேர்ந்த ஜிகர்தண்டா வாங்கிக் கொடுங்கள். இருட்டிய பிறகு கறிதோசை: தடித்த தோசையின் மேல் முட்டையும் வெந்த ஆட்டுக்கறியும் பரப்பிச் சுடுவது. சிம்மக்கல் கோனார் கடை அதற்குப் பெயர்பெற்றது. இவ்வளவும் ஒரே ஊர்தான், ஆனால் மதியம் வந்து மாலையில் கிளம்புகிறவர் இவற்றில் பாதியைக்கூடக் காணமாட்டார்.

மதுரைக்குத் தெற்கே நிலத்தையும் கவனித்துக்கொண்டு போங்கள். விருதுநகர் எண்ணெய்க்கும் பருப்புக்கும் வற்றலுக்கும் பெயர்போன சந்தை ஊர். அங்கே பரோட்டாவைக் கல்லில் வாட்டுவதோடு நிறுத்தாமல் எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்தெடுத்து, பிய்த்துப்போட்டுச் சால்னா ஊற்றித் தருகிறார்கள், அதுவும் மாலைக்குரியது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் கரிசலில் விளையும் நிலக்கடலையையும் வெல்லப்பாகையும் கொண்டு செய்வது. 2020இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா அக்குறியீட்டைப் பெற்றது. குறியீடு பெற்ற பண்டத்தின் பெயரை எந்தச் சாலையோரக் கடையும் டப்பாவில் ஒட்டிவிடுகிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். அடுப்பும் கடையும் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நெல்லையில் அல்வாவை மாலையில் உண்ணவேண்டும். சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கைவிடாமல் கிண்டிய அல்வா, சூடாக இருக்கும்போது தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஊருக்குக் கொண்டுபோய்ப் பெட்டியைத் திறக்கும்போது அது வேறொரு பண்டமாகியிருக்கும். நெல்லையப்பர் கோயில் எதிரே உள்ள இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கிறது, சரக்குத் தீர்ந்தால் மூடிவிடுகிறது. பகல் முழுவதும் விற்றால் கூடுதல் வருமானம் வரும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. செய்வதன் அளவைத் தாண்டி விற்பதில்லை என்ற அந்த ஒழுங்கின் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு.

சைவ உணவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நெல்லைச் சீமையின் சைவச் சமையலில் நான் முதலிடம் தருவது சொதிக்குத்தான். தேங்காய்ப்பாலில் காய்களும் பாசிப்பருப்பும் சேர்ந்து வெந்த இளங்குழம்பு, கூடவே இஞ்சிப்பச்சடி. திருமணத்துக்கு அடுத்து நடக்கும் மறுவீட்டு விருந்தின் உணவு அது என்பதால் உணவகங்களில் எல்லா நாளும் கிடைக்காது. முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். அங்கு உங்களுக்குத் தெரிந்த குடும்பம் இருந்தால், தயங்காமல் அவர்களிடமே கேட்டுவிடுங்கள். விருந்தினருக்குச் சொதி வைப்பதை அவர்கள் மகிழ்ச்சியாகவே செய்வார்கள்.

ஆகவே விடுதி அறைகளைப் பதிவு செய்வதற்கு முன் இந்த வேளைகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மதுரையில் முற்பகலில் சேர்ந்து ஓர் இரவு தங்குங்கள். மறுநாள் மதிய உணவுக்குப் பின் கிளம்பிக் கோவில்பட்டிக்குள் ஒருமுறை இறங்கினாலும், ஐந்து மணிக்குள் நெல்லைக்குப் போய்விடலாம். மே மாதம் பனை தரும் காலம் என்பதால், மூன்றாம் நாள் கன்னியாகுமரிக்கு விடியற்காலையில் புறப்பட்டீர்களானால் வழியில் பதநீரும் நுங்கும் கிடைக்கக்கூடும். பதநீரை வெயில் ஏறுவதற்குள் குடித்துவிடுங்கள். நேரம் ஆக ஆக அது புளிக்கத் தொடங்கிவிடும்.

அன்புடன்.